ஏரித் தீவில் பழைய வில்லா விற்பனைக்கு: வீடு சரி, படித்துறை யாருடையது?

#1 · கரையேறாதவன்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவன், முதல் தடவையாக இழை தொடங்குகிறேன்.

வட இத்தாலியில் ஓர் ஏரி. எது என்று இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாமெனத் தரகர் கேட்டுக்கொண்டார். கரையிலிருந்து படகில் பத்து நிமிடம் போனால் ஒரு குட்டித் தீவு. அதில் ஒரே ஒரு வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மூன்று தளம். அதற்கும் முன்பு அங்கே இருந்த ஒரு சிறு மடத்தின் சுவரை இடிக்காமல் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சைப்ரஸ் மரங்கள், கண்ணாடி உடைந்த எலுமிச்சைக் கொட்டகை, பாசி படிந்த கல் படித்துறை. ஜூன் மாதம் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தோம். என் மனைவி படியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், கிளம்ப மனசே இல்லை என்றாள்.

நாங்கள் மொத்தம் நான்கு குடும்பம், எல்லாருமே இத்தாலியில் வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்கள். சேர்ந்து வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, கோடையில் மாறி மாறித் தங்கலாம் என்று திட்டம். விளம்பரத்தில் விலை போடவில்லை, “திராத்தாத்தீவா ரிசெர்வாத்தா”, அதாவது விலையைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்தது. நேரில் சொன்ன தொகை நான்காகப் பிரித்தால் எட்டக்கூடியதுதான். அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. ஒரு முழுத் தீவு இவ்வளவு மலிவாகக் கிடைக்குமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · சும்மா_வந்தேன்

நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே சில அயிட்டத்துக்கு மட்டும் விலைச்சீட்டைக் கவிழ்த்து வச்சிருப்பாங்களே, அந்த ரகம்.

#3 · ஏடு_புரட்டி

வாழ்த்துகள் தம்பி. மனசைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், முதலில் ஒரு கதை சொல்கிறேன்.

மாஜோரே ஏரியின் சுவிஸ் பக்கத்தில் பிரிஸ்ஸாகோ தீவுகள் இருக்கின்றன. பெரியது சான் பான்க்ராசியோ, சின்னது சாந்தப்பொல்லினாரே. 1885இல் அவற்றை அன்தோனெத் தெ சான் லெஜே என்ற சீமாட்டியும் கணவரும் வாங்கினார்கள். அந்த அம்மா வெப்பமண்டலச் செடிகளை உலகெங்குமிருந்து வரவழைத்து நட்டார். ஓவியர், இசைக்காரர், எழுத்தாளர் என்று வீடு நிறைய விருந்தாளிகள். ஜேம்ஸ் ஜாய்ஸ்கூட 1919இல் வந்து போயிருக்கிறார். கணவர் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டார். தீவை ஓட்டப் பணம் தேடி அந்த அம்மா ஏதேதோ வியாபாரத்தில் கைவைத்தார், எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் கடனுக்காக 1927இல் தீவை விற்றார். 1948இல், தொண்ணூறு வயது தாண்டி, இன்த்ராஞ்ஞா என்ற மலைக் கிராமத்தின் ஏழைகள் இல்லத்தில் கண்ணை மூடினார்.

வாங்கியவர் மாக்ஸ் எம்டன், ஹாம்பர்க்கில் பெரிய பல்பொருள் அங்காடிகளின் அதிபர். பழைய வீட்டை இடித்துவிட்டு இப்போது நிற்கிற மாளிகையைக் கட்டினார், ரோமானியர் பாணியில் நீச்சல் குளமும் கட்டினார். யூத வம்சம் என்பதால் ஜெர்மனியில் இருந்த சொத்தையெல்லாம் நாஜிகள் காலத்தில் இழந்தார். 1940இல் இறந்தார். மகன் 1949இல் தீவுகளை விற்றுவிட்டார். வாங்கியது தனியாள் இல்லை, திச்சினோ மாநிலமும் பக்கத்து ஊராட்சிகளும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் சேர்ந்து. 1950இல் தாவரவியல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் போகலாம்.

இரண்டு பெரும் பணக்காரர்கள், அறுபத்து நான்கு வருடம். அவ்வளவுதான் தாங்கியது.

#4 · சுண்ணாம்புக்காரன்

அக்கா சொன்னது பணக்காரங்க கதை. நான் சுவரோட கதை சொல்றேன். பதினொரு வருஷமா இந்த ஏரிப் பக்கத்து வீடுகள்லதான் பூச்சு, கூரை, கல்வேலை மேற்பார்வை பாக்கிறேன்.

தம்பி, ஜூன்ல போய்ப் பாத்திருக்கீங்க. ஜூன்ல எல்லா வீடும் அழகுதான். கீழ்த்தளத்துச் சுவர்ல முழங்கால் உயரத்துக்கு மேல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சா? பூச்சு தட்டினா டப்பு டப்புன்னு கேட்டுச்சா? அங்கதான் விஷயம். பழைய கல் சுவர் தண்ணியை உறிஞ்சும், வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தா மூச்சு விட்டுக்கும். எழுபது எண்பதுகள்ல எவனாவது புத்திசாலி மேல சிமென்ட்டைப் பூசியிருந்தா, ஈரம் வெளியே வர வழியில்லாம மேலே மேலே ஏறி, முதல் தளத்து உத்தரத்தோட முனை வரைக்கும் போயிடும். உத்தரம் அனேகமா செஸ்ட்நட் மரமா இருக்கும், நல்ல மரம்தான், ஆனா சுவருக்குள்ள சொருகின முனை அழுகினா வெளியே தெரியவே தெரியாது. ஒரு கம்பியை வச்சுக் குத்திப் பாத்தாத்தான் வெண்ணெய் மாதிரி உள்ளே போகும்.

அடுத்தது கூரை. மாஜோரே, ஒஸ்ஸோலா பக்கம்னா “பியோதே”ன்னு கல் பலகைக் கூரை. ஒரு சதுர மீட்டர் கூரையே அநியாய எடை. அதை இறக்கி, உத்தரத்தை மாத்தி, திரும்ப ஏத்தணும். கரையில இருக்கிற வீடா இருந்தா லாரி வாசல் வரைக்கும் வரும். தீவுன்னா? லாரியிலேர்ந்து தட்டைப் படகு, தட்டைப் படகுலேர்ந்து கரை, கரையிலேர்ந்து தோள். ஒரே மூட்டை சுண்ணாம்பை மூணு தடவை தூக்கணும். இடிச்ச குப்பையும் அதே வழியிலதான் திரும்பிப் போகணும், அதை யாரும் மதிப்பீட்டுல போடுறதில்ல. கரையில நூறு ஆகிற வேலை தீவுல நூத்தி அம்பதுல நின்னா அதிர்ஷ்டம்னு வச்சுக்கோங்க.

ஒரு தடவை நாங்க கொண்டுபோன மூட்டை எல்லாம் மழையில நனைஞ்சு படகுலயே கெட்டியாச்சு. படகுக்காரன் என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

#5 · கரையேறாதவன்

அண்ணே, உப்பு பூத்திருந்தது. நான் அதைப் பழைய சுவரின் அழகு என்று நினைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன் 😐

#6 · பேரேடு

சட்டமும் வரியும் சொல்கிறேன். உணர்ச்சிவசப்படாமல் படியுங்கள்.

அந்த வில்லாவுக்கு “வின்கோலோ”, அதாவது கலாசாரச் சொத்து என்ற அறிவிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இருக்கத்தான் வேண்டும். 2004ஆம் ஆண்டின் 42ஆம் எண் சட்ட ஆணைதான் இதற்கு அடிப்படை. அப்படி அறிவித்த சொத்து கைமாறினால் முப்பது நாளுக்குள் கலாசார அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து அறுபது நாள், அதே விலைக்கு அந்தச் சொத்தை அரசு தானே எடுத்துக்கொள்ளலாம். மாநிலமோ ஊராட்சியோகூட அந்த உரிமையைக் கேட்கலாம். அந்த அறுபது நாளும் ஒப்பந்தம் தொங்கலில்தான் இருக்கும், விற்பவர் சாவியை உங்கள் கையில் கொடுக்கவும் கூடாது. தெரிவிக்காமல் விட்டாலோ அரைகுறையாகத் தெரிவித்தாலோ அறுபது நூற்றெண்பதாகிவிடும்.

அதன் பிறகு ஜன்னல் சட்டத்துக்கு வண்ணம் மாற்றுவதென்றாலும் சொப்ரின்டென்டென்சா என்ற கலாசாரச் சொத்துப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக்கு வின்கோலோ இல்லையென்றாலும் தப்ப முடியாது. ஏரிக்கரையிலிருந்து 300 மீட்டர் வரை நிலக்காட்சிப் பாதுகாப்பு வளையம். உங்கள் தீவு முழுக்க அதற்குள்தான் வரும்.

வரி. தனியாரிடமிருந்து வாங்கினால் பதிவு வரி 9 சதவீதம், அதுவும் அரசின் சொத்துப் பதிவேட்டில் உள்ள காடாஸ்ட்ரல் மதிப்பின் மீது, கொடுத்த விலையின் மீது அல்ல. முதல் வீடு என்று 2 சதவீதச் சலுகை கேட்க நினைக்காதீர்கள். வில்லாக்கள் அந்தப் பதிவேட்டில் அனேகமாக ஆ/8 என்ற வகையில் வரும், அந்த வகைக்குச் சலுகை கிடையாது.

இன்னொன்று, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். வரைபடப் பதிவும் வீடு நிற்கிற நிலையும் ஒத்துப்போக வேண்டும். 2010இலிருந்து, ஒத்துப்போகிறது என்ற உறுதிமொழி இல்லாத பத்திரம் செல்லாது. யாரோ தாத்தா காலத்தில் அனுமதியில்லாமல் ஒரு குளியலறை சேர்த்திருப்பார். அந்தக் குளியலறை, பத்திரம் எழுதுகிற உங்கள் நொட்டாயோவின் மேசைக்கு வந்து உட்காரும்.

முன்பணம் கொடுக்கும்போது எழுத்தில் “கப்பார்ரா கொன்ஃபிர்மத்தோரியா” என்று இருக்கிறதா பாருங்கள். நீங்கள் பின்வாங்கினால் அது போச்சு, அவர்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும்.

#7 · சும்மா_வந்தேன்

அப்போ நாலு குடும்பமும் அறுபது நாள் தினமும் சாமி கும்பிடணும், அரசாங்கம் ஆசைப்படக் கூடாதுன்னு.

#8 · பேரேடு

அப்படிக் கும்பிடத் தேவையில்லை, அரசு அந்த உரிமையைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. வின்கோலோவை எல்லோரும் சாபமாகவே பேசுகிறார்கள். பாதுகாப்பு அறிவிப்புள்ள கட்டடத்துக்கு ஊராட்சிச் சொத்துவரியான இமூவின் கணக்கு பாதியாகக் குறையும். அதையும் சொல்ல வேண்டும்.

#9 · ஏடு_புரட்டி

பேரேடு சார் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. பாதி வரி மிச்சமாகிறது என்று சொல்லி ஒரு மாளிகையை எடுத்துக்கொள்வது, தீனி மலிவாகக் கிடைக்கிறது என்று யானையை வாங்குவது போல.

#10 · பேரேடு

யானைக்கு இமூ கிடையாது, அம்மா.

#11 · நீர்க்காகம்

எல்லாரும் வீட்டையே பேசுறீங்க. நான் தண்ணிக்காரன். தம்பி, நீங்க பார்த்த படித்துறை யாருடையது?

கேள்வி விளையாட்டுக்கு இல்லை. இத்தாலியில் ஏரியும் அதன் அடித்தளமும் கரையோரமும் அரசின் பொதுச்சொத்து, “டெமானியோ”. வில்லாவை வாங்கினால் நீங்கள் வாங்குவது வீட்டையும் தீவின் மண்ணையும். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற படித்துறை, படகு கட்டுகிற மிதவை, படகுக் கொட்டகை, எல்லாம் ஒரு “கொன்செஸ்ஸியோனே”யில், அதாவது அரசு தருகிற பயன்பாட்டு அனுமதியில், நிற்கிறது. வருடாவருடம் கட்டணம், முடிவுத் தேதி உண்டு, ஒருவர் பெயரில் இருக்கும். வீடு கைமாறினால் அது தானாகக் கைமாறாது. புதுப் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். தரையில் இருக்கிற வீட்டுக்கு வாசல் இல்லாவிட்டால் ஜன்னல் வழியாவது உள்ளே போகலாம். தீவு வீட்டுக்குப் படித்துறை இல்லையென்றால் வீட்டையே பார்த்துக்கொண்டு தண்ணீரில் மிதக்க வேண்டியதுதான்.

அடுத்தது அக்கரை. நான்கு குடும்பம், நான்கு கார். கரையில் எங்கே நிறுத்துவீர்கள்? படகை எங்கே கட்டுவீர்கள்? கோடையில் ஏரிக்கரை ஊர்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைப்பதும் ஒன்றுதான். தீவு வாங்குகிறவன் உண்மையில் இரண்டு சொத்து வாங்க வேண்டும்: தீவு ஒன்று, கரையில் ஒரு கொட்டகை ஒன்று. தரகர் கரையைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

பிறகு காற்று. ஒவ்வொரு ஏரிக்கும் நேரம் தவறாத காற்று உண்டு. கார்தாவில் காலையில் வடக்கிலிருந்து பெலேர், மத்தியானம் தெற்கிலிருந்து ஓரா. கோமோவில் காலையில் திவானோ, பிற்பகலில் பிரேவா. மாஜோரேயில் அதிகாலையில் திரமொந்தானா, பிறகு இன்வெர்னா. பழகிக்கொண்டால் அவை சிநேகிதர்கள். இடியோடு வருகிற புயல்காற்றுக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது, கோடை மாலையில் பத்து நிமிடத்தில் ஏரியின் முகமே மாறிவிடும். படித்துறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? காற்று அடிக்கிற பக்கமா, மறைவிலா? பழைய மடத்துக்காரர்கள் கட்டியிருந்தால் மறைவில்தான் கட்டியிருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கனவான் கட்டியிருந்தால் காட்சிக்காகக் கட்டியிருப்பான்.

நவம்பரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

#12 · தோட்டக்காரி

நீர் மட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000 அக்டோபரில் மாஜோரே ஏரி வழக்கமான மட்டத்துக்கு மேல் நான்கு மீட்டருக்கு அதிகமாக ஏறியது. 1868இல் ஆறு மீட்டருக்கும் மேல். 2022 கோடையில் நேர்மாறு, வடக்கு ஏரிகளே வற்றிக் கரை வெளியே தெரிந்தது. திராசிமேனோ ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள், மொத்த ஆழமே ஆறு மீட்டர்தான். அங்கே மட்டம் இறங்கினால் படகு போகிற பாதையே சுருங்கிவிடும்.

அந்தத் திராசிமேனோவில் மாஜோரே என்றே பெயருள்ள தீவு ஒன்று இருக்கிறது, ஏரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1211இல் அசிசி பிரான்சிஸ் தவக்காலத்தைக் கழித்த இடம். பிரான்சிஸ்கன் மடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குல்யெல்மி குடும்பம் கோட்டை வீடாக மாற்றியது. அந்த வீட்டுப் பெண் எலெனா, தீவின் மீனவப் பெண்களுக்கு ஐரிஷ் லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். லேஸ் இன்றும் தீவின் பெயரோடு ஒட்டியிருக்கிறது, கோட்டை பல காலம் பூட்டிக் கிடந்தது. உங்கள் வில்லாவிலும் மடச் சுவர் இருக்கிறது என்றதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் எலுமிச்சைக் கொட்டகைக்கு என்ன கதி? அதைக் காப்பாற்றுங்கள். குளிர்காலத்துக்குக் கண்ணாடியும் மரப் பலகையும் பொருத்தி, கோடையில் கழற்றுகிற அமைப்பு. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் எலுமிச்சை வளர்ந்த ரகசியமே அதுதான்.

#13 · கரையேறாதவன்

எல்லாருக்கும் நன்றி, ஆனால் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. தீவு வீடு வாங்கி நல்லபடியாக இருப்பவர் யாருமே இல்லையா? கார்தா ஏரித் தீவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறதே?

#14 · ஏடு_புரட்டி

இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஜெனோவாக்காரர் கயெத்தானோ தெ ஃபெர்ராரி வாங்கியது. அவரும் ரஷ்ய மனைவியும் திட்டமிட்ட வெனிஸ் கோதிக் பாணி வில்லா 1900ஐ ஒட்டி எழுந்தது. மகளை மணந்தவர் சிப்பியோனே பொர்கேசே, 1907இல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை கார் ஓட்டி முதலாவதாக வந்தவர். இன்று அவர்கள் வழிவந்த கவாட்சா குடும்பம் அங்கேயே வசிக்கிறது. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தோட்டத்தையும் வீட்டின் சில அறைகளையும் கட்டணம் வாங்கிப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். கல்யாணங்களும் நடக்கின்றன. தனிமையை நிலைநிறுத்த, தனிமையில் கொஞ்சம் விற்கிறார்கள்.

பொர்ரொமேயோ குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் கார்லோ, மனைவி இசபெல்லாவின் பெயரால் மாஜோரே ஏரியின் இசொலா பெல்லா தீவில் வேலை தொடங்கியது 1632இல். இன்றும் குடும்பத்தின் கையில்தான், இன்றும் டிக்கெட். பக்கத்திலேயே சான் ஜொவான்னி என்ற குட்டித் தீவும் அவர்களுடையது. அதைத் தொஸ்கானினி பல வருடம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கினார். வாங்கவில்லை, பாருங்கள். உலகத்தில் பேர்போன இசை நடத்துநர், வாடகைக்கு இருந்தார்.

#15 · நீர்க்காகம்

அது நல்ல யோசனை அக்கா. வாடகைக்கு இருந்தால் கூரை ஒழுகும்போது போன் போட்டுத் திட்டலாம்.

தனிமை என்று சொன்னீர்களே, இசேயோ ஏரியில் சான் பாவ்லோ என்ற தீவு, துப்பாக்கி செய்கிற பெரெத்தா குடும்பத்துடையது. வில்லா, தோட்டம், சுற்றிலும் தண்ணீர், தொந்தரவே கிடையாது. 2016 ஜூன் 18இலிருந்து ஜூலை 3 வரை கிறிஸ்டோ என்ற கலைஞர் அந்த ஏரியில் மிதக்கும் பாதை போட்டார். மஞ்சள் துணி விரித்த மூன்று கிலோமீட்டர். கரையிலிருந்து மோந்தே இசோலா என்ற பெரிய தீவு, அங்கிருந்து சான் பாவ்லோவைச் சுற்றி ஒரு வளையம். பதினாறு நாளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நடந்தார்கள். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். குடும்பம் சம்மதித்துத்தான் நடந்தது, அது வேறு.

#16 · சுண்ணாம்புக்காரன்

நீர்க்காகம் சார் படகு, படித்துறைன்னு சொன்னது சரி. ஆனா “நவம்பர்ல போய்ப் பாரு”ன்னு சொன்னா பயந்துபோய் வேண்டாம்னு சொல்லிடுவாங்க. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இந்த மாதிரி வீடுகளை யாராவது எடுத்தாத்தான் பிழைக்கும். ஒரு வருஷம் கூரை ஒழுகினா பத்து வருஷம் வேலை. பூட்டிக் கிடக்கிற வில்லா ஒவ்வொண்ணும் என் கண்ணு முன்னாடியே உள்ளே விழுந்துட்டு இருக்கு.

ஒரே நிபந்தனை. வாங்குறதுக்கு முன்னாடி செலவு பண்ணுங்க. ஒரு கட்டமைப்புப் பொறியாளர், ஒரு மர நிபுணர், கரையிலேர்ந்து வர்ற கரண்ட் கேபிளுக்கு ஒரு ஆள், கழிவுநீருக்கு ஒரு ஆள். கழிவுநீர் எங்கே போகுதுன்னு கேட்டீங்களா? பழைய தீவு வீடுகள்ல கழிவைப் படிய வைக்கிற இம்ஹோஃப் தொட்டி ஒண்ணு இருந்தாலே பெரிய விஷயம், சிலதுல குழாய் எங்க முடியுதுன்னு வீட்டுக்காரருக்கே தெரியாது. தண்ணி எங்கேர்ந்து? ஏரியிலேர்ந்து பம்ப் பண்ணி வடிகட்டுறதா, கரையிலேர்ந்து குழாயா? நாலு குடும்பம் ஒரே வாரம் ஆகஸ்ட்ல வந்து இறங்கினா அந்தத் தொட்டி என்ன ஆகும்?

#17 · சும்மா_வந்தேன்

நாலு குடும்பம் ஒரே வாரம் ஆகஸ்ட்ல ஒண்ணா இருந்தா தொட்டிக்கு முன்னாடி வேற ஏதாவது வெடிக்கும்.

#18 · பேரேடு

நகைச்சுவையாகச் சொன்னாலும் அவர் சொல்வதில் விஷயம் உண்டு. நான்கு பேர் பெயரிலும் நேரடியாக எழுதினால் பங்குரிமை. நாளைக்கு ஒருவர் விலக விரும்பினால், ஒருவர் இறந்து வாரிசுகள் வந்தால், கூரைக்குப் பணம் போட ஒருவர் மறுத்தால் என்ன என்பதை இப்போதே எழுதி வையுங்கள். விற்பவர் பக்கமும் கேளுங்கள்: எத்தனை வாரிசு? எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா? வாரிசுரிமை ஏற்பு பதிவாகியிருக்கிறதா? மலிவான விலைக்கு எனக்குத் தெரிந்த மிகச் சாதாரணக் காரணம் ஈரமில்லை, எட்டு வாரிசுகள்.

#19 · தோட்டக்காரி

கோமோ ஏரியின் கொமாச்சினா தீவுக்காரர் இந்தத் தலைவலியையே வைத்துக்கொள்ளவில்லை. அகுஸ்தோ கப்ரானி, முதல் உலகப் போர் முடிகிற சமயம், தீவை உயிலில் பெல்ஜியம் மன்னர் முதலாம் ஆல்பெர்ட்டுக்கு எழுதி வைத்தார். மன்னர் அதை இத்தாலிக்கே திருப்பித் தந்தார். பிறகு மிலானின் ப்ரேரா கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது, 1930களில் கலைஞர்கள் தங்கக் கட்டடக் கலைஞர் லின்ஜேரி கட்டிய மூன்று வீடுகள் நிற்கின்றன. 1169இல் கோமோக்காரர்கள் அடித்து நொறுக்கிய தீவு அது. கலைஞர்கள் தங்குகிற தீவாகிவிட்டது.

#20 · கரையேறாதவன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்ன கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரகரிடம் கொடுத்தேன். பதில் வந்துவிட்டது.

வின்கோலோ உண்டு. வாரிசுகள் ஐந்து பேர், பேரேடு சார் சொன்ன எட்டு இல்லை. நான்கு பேருக்குச் சம்மதம், ஐந்தாவது ஆள் வேறு கண்டத்தில், மெயிலுக்குப் பதில் போடுவதில்லை. கழிவுநீர்: தொட்டி இருக்கிறது, எந்த வருடம் வைத்தது என்று தெரியவில்லை. கரண்ட் கேபிள் ஓடுகிறது.

படித்துறை. நீர்க்காகம் சார், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடுவதா என்ன போடுவதா தெரியவில்லை. கொன்செஸ்ஸியோனே இறந்துபோன தாத்தா பெயரில்தான் இருக்கிறது. காலம் முடிந்து வருடங்கள் ஆகின்றன. கட்டணத்தை மட்டும் யாரோ கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

கரையில் ஒரு கொட்டகை இருந்திருக்கிறது, படகும் இரண்டு காரும் நிற்கிற மாதிரி. அதைக் குடும்பம் முன்னாலேயே தனியாக விற்றுவிட்டது. வாங்கியவர் பக்கத்து விடுதிக்காரர். திருப்பித் தருவாரா என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டுத்தான் தீவு ஏன் மலிவு என்று எனக்கு விளங்கியது.

என் மனைவி மட்டும் அசையவில்லை. “நவம்பரில் போய்ப் பார்க்கச் சொன்னார்களே, போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்” என்கிறாள். மற்ற மூன்று குடும்பத்தில் ஒன்று விலகிவிட்டது.

#21 · ஏடு_புரட்டி

உங்கள் வீட்டம்மா சரியாகச் சொல்கிறார். போய்ப் பாருங்கள். அந்த மடச் சுவரை மட்டும் எனக்காக நன்றாகப் படம் எடுங்கள், கல்லில் ஏதாவது எழுத்து வெட்டியிருந்தால் பக்கத்திலிருந்து.

#22 · நீர்க்காகம்

ஐந்தாவது வாரிசு பதில் போடும் வரை முன்பணம் ஒரு காசு கூடாது. படித்துறைக்கு உங்கள் பெயரில் புது கொன்செஸ்ஸியோனே கிடைத்தால்தான் வாங்குவோம் என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். விடுதிக்காரரிடம் கொட்டகையைக் கேட்காதீர்கள், வருட வாடகை கேளுங்கள். குளிர்காலத்தில் அவருக்கும் அது சும்மாதான் கிடக்கும்.

#23 · பேரேடு

நீர்க்காகம் சொன்ன நிபந்தனையை நொட்டாயோவைக் கொண்டு எழுதுங்கள். தரகர் கொடுக்கிற அச்சுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

#24 · கரையேறாதவன்

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை போகிறோம். காலை ஏழு மணிக்குக் கரையில் படகு சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்புக்காரண்ணே, நீங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்களா? சுவரில் ஈரம் பார்க்கிற கருவியோடு ஒரு எட்டு வர முடியுமா?

#25 · சுண்ணாம்புக்காரன்

வரேன். கருவியும் இருக்கு, உத்தரம் குத்திப் பாக்கிற கம்பியும் இருக்கு. கூலி வேண்டாம், படகுக்கு டீசல் உங்க செலவு. ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு வாங்க, அந்தப் பாசி படிஞ்ச படித்துறையை நவம்பர்ல நம்ப முடியாது.